முதல் இணைப்பு: தலைவரின் செய்தி

ஒரு கம்பெனியின் பெயரை இணையத்தில் தேடினால் அதன் தளம் முதலில் வரும். அதற்குக் கீழே சின்னதாக நாலு இணைப்புகள் தொங்கும். அவற்றை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், சார். யாரும் யோசிப்பதில்லை. யோசிப்பதற்குத்தான் எங்கள் கம்பெனி என்னை வைத்திருந்தது.

தேர்ந்தெடுப்பது தேடுபொறிதான். தளத்தின் மற்றப் பக்கங்கள் எந்தப் பக்கத்துக்கு வழிகாட்டுகின்றன, தலைப்பு தெளிவாக இருக்கிறதா, ஜனங்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்றெல்லாம் பார்த்து அதுவே முடிவு செய்யும். சிபாரிசு செல்லாது. எங்கள் தலைவரின் சிபாரிசு செல்லாத ஒரே இடம் அதுதான். அவருக்கு அது பெரிய வருத்தம்.

நாங்கள் கேஸ் கீசர் செய்கிறோம். ஒரு மாடலில் புகைபோக்கி சரியில்லை. எரிந்த வாயு வெளியே போகாமல் குளியலறையிலேயே தங்கிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சட்டத்துக்காக ஓர் அறிவிப்புப் பக்கம் போட்டோம்: இந்தக் கீசரைப் பயன்படுத்தாதீர்கள், திருப்பிக் கொடுங்கள். எங்கள் தளத்தில் அர்த்தமுள்ள வாக்கியங்கள் இருந்த ஒரே பக்கம் அது. தேடுபொறி அதைத் தூக்கி எங்கள் பெயருக்கு நேர் கீழே, முதல் இணைப்பாக வைத்துவிட்டது.

விளம்பர மேலாளர் என் மேஜைக்கு வந்தார்.

"என்னய்யா இது, கடை வாசல்லயே 'உள்ள வராதே'ன்னு போர்டு மாட்டின மாதிரி இருக்கு. எடுத்துடு."

"பக்கத்த எடுக்க முடியாது சார். சட்டம்."

"பக்கம் இருக்கட்டும்யா. கண்ணுல படாம இருக்கட்டும். அந்த எடத்துக்குத் தலைவர் செய்தியக் கொண்டு வா. மனுஷன் தாடையில கை வச்சு போட்டோ எடுத்து எவ்வளவு நாளாச்சு, ஒருத்தன் பாக்கல."

நான் பக்கத்தை எடுக்கவில்லை. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். மற்றப் பக்கங்களிலிருந்து அதற்குப் போகும் வழிகளை எடுத்தேன். தலைப்பைப் 'பொதுத் தகவல்' என்று மாற்றினேன். தலைவர் செய்திக்கு எல்லாப் பக்கத்தின் அடியிலும் வழி போட்டேன். பிறகு காத்திருந்தேன். தேடுபொறிக்கு இதெல்லாம் உறைக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

என் போனில் பார்த்துப் பிரயோஜனமில்லை. தினமும் அதையே தேடுகிறவனுக்கு வேறு மாதிரி காட்டினாலும் காட்டும். இந்த வேலையில் எப்போதும் அடுத்தவர் போன் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா கூப்பிட்டாள். அவள் வீட்டிலும் அதே மாடல்தான். நான் வாங்கிக் கொடுத்தது.

"டேய், உங்க கீசர்ல ஏதோ கோளாறாமே? பக்கத்து வீட்டுல சொன்னாங்க. உன் கம்பெனி பேரப் போட்டுத் தேடினேன், ஒண்ணும் காணோமே."

"கீழ என்னென்ன லிங்க் வருதுக்கா? வரிசையாப் படி."

"தலைவரின் செய்தி. விருதுகள். எங்கள் பயணம். கிளைகள்."

"முதல்ல தலைவரின் செய்தியா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"இருக்கறதத்தானேடா படிக்கிறேன்."

"அத அழுத்து. திறக்குதா?"

"திறக்குது. யாருடா இவரு, பல்லு வலியா? 'உங்கள் குடும்பமே எங்கள் குடும்பம்'னு போட்டிருக்கு."

இருவரும் சிரித்தோம்.

"அப்ப பயப்பட ஒண்ணும் இல்லல்ல?"

"போட்டோ முழுசா வருதா, பாதி வெட்டுதா?"

"முழுசா வருது. சரிடா, வைக்கிறேன். குளிக்கணும்."

வெளிப் போனில் உறுதியாகிவிட்டது என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். அக்காவைக் குளியலறைக் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மறந்துவிட்டேன் என்றால் உங்களுக்கும் எனக்கும் சௌகரியம். மறக்கவில்லை. கீசரும் ஞாபகம் இருந்தது, புகைபோக்கியும் ஞாபகம் இருந்தது. அக்காவுக்கு வாய் நிற்காது. தெரு முழுக்கச் சொல்வாள். ஆளாளுக்குத் தேடித் துழாவி அந்தப் பக்கத்தை மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். தலைவர் செய்தி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் நிலைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

கம்பெனி அவள் படத்தோடு ஓர் இரங்கல் பக்கம் போட்டது. 'எதிர்பாராத' என்ற சொல்லைத் தலைவரே சேர்த்தார். ஜனங்கள் அதைத் தேடி வந்ததில் தேடுபொறி அதையும் எங்கள் பெயருக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது. இன்று காலை இந்த ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன் அதற்கும் அதே வேலையைச் செய்துவிட்டுத்தான் வந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். விருதுகளுக்கும் கிளைகளுக்கும் நடுவில் என் அக்கா நிற்பது அவளுக்கு மரியாதையாக இல்லை, பாருங்கள்.