லீலா சொல்லாமல் விட்டது

– டாக்டர் இங்கிலீஷ்ல சொன்னதுல பாதிய முழுங்கிட்டீங்களே லீலா. நான் பக்கத்துலதானே நின்னேன்.

– மெதுவா பேசுங்க சிஸ்டர். அப்பா கதவு பக்கத்து கட்டில்லதான் படுத்திருக்காரு.

– கட்டியோட சேர்த்து குரல்வளையையும் எடுத்துடுவோம், அப்புறம் பேச்சே வராதுன்னாரு டாக்டர். நீங்க தமிழ்ல என்ன சொன்னீங்க? கட்டிய மட்டும் எடுப்பாங்கப்பான்னு.

– வேற என்ன சொல்றது? உண்மைய சொன்னா இப்பவே சட்டைய மாட்டிக்கிட்டு பஸ் ஏறிடுவாரு. கேன்சர் சிஸ்டர். ஆபரேஷன் பண்ணலன்னா செத்துடுவாரு.

– தெரியும்மா. ஆனா தொண்டை அவரோடது. நாளைக்கு மயக்கம் தெளிஞ்சு தண்ணி கேக்க வாயத் தொறப்பாரு, சத்தம் வராது. மாதாவே, அந்தப் பார்வைய வேற ஒரு நோயாளிகிட்ட நான் ஒரு தடவை பார்த்துட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது.

– இது நான் மட்டும் எடுத்த முடிவு இல்ல, சிஸ்டர்.

– யாரு எடுத்தா என்ன, அவரு எடுக்கலையே. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

– நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது.

– ஐயா, முத்துசாமி ஐயா. முழிச்சிருக்கீங்களா?

– வா மிஸ்ஸி. பக்கத்து கட்டில்காரன் குறட்டையில எவன் தூங்குவான். லீலா ஏன் அழுவுது?

– நாளைக்கு கட்டிய மட்டும் எடுக்க மாட்டாங்க ஐயா, குரல்வளையும் போயிடும். கழுத்துல ஓட்டை போட்டு அது வழியாத்தான் மூச்சு விடுவீங்க. உயிர் பிழைக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா மறுபடி பேச முடியாது.

– அப்ப வேணாம்.

– அப்பா, ப்ளீஸ்பா.

– நீ சும்மா இரு தாயி. மிஸ்ஸி, என் சம்சாரம் ரத்தினத்துக்குக் கண்ணு தெரியாது. கம்பத்துல, அந்தப் பழைய கிராமத்து வீட்டுல இருந்தவரைக்கும் தடவிக்கிட்டாவது நடந்துடுவா. இப்ப ஃபிளாட்டுக்கு வந்துட்டோம், லிஃப்டு எந்த மாடியில நிக்குதுன்னு நான்தான் சொல்லணும். பேப்பர் நான்தான் படிக்கணும். தேக்கா மார்க்கெட்டுல நண்டு கூடைய விட்டு ஓடுதுடீன்னு சொன்னா அப்படிச் சிரிப்பா. என் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டுதான் அவ நடக்குறா. ஊமையா போய் பக்கத்துல உக்காந்தா, நான் இருந்தும் அவளுக்கு இல்லாத மாதிரிதானே?

– நிஜமாவே இல்லாம போயிட்டா, ஐயா?

– இருக்கறவரைக்கும் அவகிட்ட பேசிட்டுப் போறேன். பயமாத்தான் இருக்கு மிஸ்ஸி, இல்லேங்கல. ஆனா எனக்கு இதுதான் வேணும்.

– சரிங்க ஐயா. நீங்க சொன்னத டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடுறேன். யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க.

– அழுவாத லீலா. வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட, கட்டி தானா கரையுதாம், ஆபரேஷன் வேணாமாம்னு சொல்லிடு. அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்.

– அம்மாவுக்கு எல்லாம் தெரியும்பா. அவங்களுக்காக நீங்க வேணாம்னுடுவீங்கன்னுதான், உங்ககிட்ட மறைக்கச் சொன்னாங்க.