குலுங்காத வண்டி

விற்பனையாளர்: ...ஓட்டிப் பார்க்காம எப்படி சார் வண்டி எடுப்பீங்க? செருப்புக் கடையிலயே கால விட்டுப் பார்த்துட்டுத்தானே வாங்குறோம்.

கணவன்: நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன். இவ பின்னால.

விற்பனையாளர்: உங்க உயரத்துக்கு சீட்டெல்லாம் தள்ளி வெச்சிருக்கேன்...

மனைவி: விடுங்க சார். அவர் முடியாதுன்னா முடியாதுதான்.

கணவன்: டீச்சரம்மா, டம்ளரை எடுத்தியா?

மனைவி: எடுத்தேன் எடுத்தேன்.

விற்பனையாளர்: டம்ளரா? எதுக்கு?

மனைவி: தண்ணி ஊத்தி என் மடியில வெச்சுக்கணும். சிந்துதா இல்லையான்னு இவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இது நாலாவது ஷோரூம். மூணு இடத்துல நனைஞ்ச துணியோட வீட்டுக்குப் போயிருக்கேன்.

விற்பனையாளர்: இருபது வருஷமா வண்டி விக்கிறேன், இது புதுசா இருக்கே... சரி, கிளம்பலாமா? இது டாப் மாடல். மேல கண்ணாடிக் கூரை, சீட்டுல காத்து வரும், பெரிய திரை...

கணவன்: அதெல்லாம் வேண்டாம். குலுங்குமா, குலுங்காதா? அதை மட்டும் சொல்லுங்க.

விற்பனையாளர்: வீட்டுல பெரியவங்க இருக்காங்களா சார்?

கணவன்: ஆமா. மாமியாருக்கு முதுகுவலி.

மனைவி: எங்கம்மாவுக்கா?

கணவன்: ...சும்மா இரு.

மனைவி: எங்கம்மா நாலு மாடி ஏறி தண்ணித் தொட்டி கழுவுற ஆளு சார். சரி, இருக்கட்டும், முதுகுவலின்னே வெச்சுக்குங்க.

விற்பனையாளர்: ஹ்ம்... முதுகுன்னா ஒண்ணு சொல்றேன், முதலாளி காதுல விழுந்தா என்னை வெளியில அனுப்பிடுவார். டாப் மாடலை விட நடு மாடல்தான் சார் மெத்துன்னு போகும்.

கணவன்: அதெப்படி? விலை கூடக் கூட குலுக்கலும் கூடுமா?

விற்பனையாளர்: இதுல சக்கரம் பெரிசு. பார்வைக்கு எடுப்பா இருக்கும். ஆனா ரப்பர் மெல்லிசு, பள்ளத்துல விழுந்தா நேரா இடுப்புக்கு வரும். நடு மாடல்ல சக்கரம் சின்னது, டயர் தடியா இருக்கும். அடியை அதுவே வாங்கிக்கும். கீழ் மாடலும் அதே சக்கரம்தான். ஆனா பின்சீட்டு பலகை மாதிரி, முதுகைச் சாய்க்க வராது.

கணவன்: மூணு வாரமா ஒக்காந்து வீடியோ பார்த்தேன். ஒருத்தன் கூட இதைச் சொல்லல...

மனைவி: சாப்பிடும்போதும் சஸ்பென்ஷன், படுக்கும்போதும் சஸ்பென்ஷன். கனவுல கூட ஸ்பிரிங் வருதாம் சார் இவருக்கு.

விற்பனையாளர்: நீங்களே ஒரு தடவை ஸ்டியரிங் புடிச்சீங்கன்னா வித்தியாசம் கையிலயே தெரியும் சார்.

கணவன்: நான் ஓட்டுறதில்ல. டிரைவர் வெச்சுக்கப் போறேன்.

மனைவி: டிரைவரா? இது எப்போ முடிவு பண்ணீங்க?

கணவன்: இப்பத்தான்.

மனைவி: என்கிட்ட ஒரு வார்த்தை...

கணவன்: முன்னால பாருங்க, முன்னால பாருங்க! வேகத்தடை!

விற்பனையாளர்: தெரியுது சார், இருபதுலதான் போறேன்...

கணவன்: நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!

விற்பனையாளர்: ...நிறுத்திட்டேன் சார். என்ன ஆச்சு? முகமெல்லாம் வேர்த்திருக்கு...

கணவன்: டீச்சரம்மா... உனக்கு ஒண்ணும் இல்லையே?

மனைவி: ஒண்ணும் இல்லங்க. தண்ணிதான் கொட்டிடுச்சு. நீங்க சடார்னு நிறுத்தச் சொன்னதுலதான் கொட்டுச்சு.

கணவன்: வயித்துல ஏதாவது... வலி, இழுக்கிற மாதிரி...

மனைவி: இல்லன்னு சொல்றேன்ல. ...மாமியாருக்கு இல்ல சார். எனக்குத்தான். மூணாம் மாசம்.

விற்பனையாளர்: அட, நல்ல செய்தியாச்சே! முன்னாடியே சொல்லியிருந்தா பூ மாதிரி ஓட்டியிருப்பேனே.

கணவன்: வெளியில சொல்லிடாதீங்க. எங்க வீட்டுலயே இன்னும் யாருக்கும் தெரியாது.

விற்பனையாளர்: நான் யார்கிட்ட சார் சொல்லப் போறேன். முதல் குழந்தையா?

மனைவி: ரெண்டாவது. முதல்ல ஒண்ணு அஞ்சாம் மாசத்துல போயிடுச்சு.

விற்பனையாளர்: ...மன்னிச்சுக்குங்க மேடம். தெரியாம கேட்டுட்டேன்.

மனைவி: பரவாயில்ல சார். நீங்க திருப்புங்க, போகலாம்.

விற்பனையாளர்: ...வந்துட்டோம். நீங்க ரெண்டு பேரும் வண்டியிலயே உட்காருங்க, இந்த வெயில்ல இறங்க வேண்டாம். நடு மாடல் சாவி உள்ள இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்.

மனைவி: ...அவர் என்ன நெனச்சிருப்பார்?

கணவன்: என்ன வேணும்னாலும் நெனச்சுக்கட்டும்.

மனைவி: டிரைவரெல்லாம் வேண்டாங்க. நீங்க ஓட்டுங்க.

கணவன்: என்னால முடியாது.

மனைவி: ரெண்டு வருஷமாச்சு. பழைய வண்டியை ஒரே வாரத்துல வித்தீங்க. பஸ்ல போறீங்க, மழையில நடக்கிறீங்க. இப்படி ஷோரூமுக்கு வர்றதைத் தவிர நான் ரெண்டு மாசமா வாசப்படி தாண்டல. ஸ்கூலுக்கு லீவு போடச் சொன்னீங்க, போட்டேன். இப்படியே எத்தனை நாளைக்கு?

கணவன்: குழந்தை பொறக்கிற வரைக்கும்.

மனைவி: பொறந்தப்புறம்? அதை யார் மடியில டம்ளரோட உட்கார வெப்பீங்க?

கணவன்: கிண்டல் பண்ணாத.

மனைவி: பண்ணல... நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க. ரொம்ப நாளா...

கணவன்: இரு. நான் முதல்ல சொல்லிடறேன். இல்லன்னா அப்புறம் எனக்கு வாய் வராது.

மனைவி: என்ன?

கணவன்: அன்னைக்கு அந்த வேகத்தடையைப் பார்க்கலன்னு சொன்னேன்ல... உன்கிட்ட, அம்மாகிட்ட, ஆஸ்பத்திரியில, எல்லார்கிட்டயும்...

மனைவி: ஆமா.

கணவன்: பார்த்தேன். தூரத்துலயே பார்த்துட்டேன். வெள்ளைக் கோடு பளிச்சுன்னு தெரிஞ்சுது. கால் பிரேக் மேலதான் இருந்துச்சு. அமுக்கல.

மனைவி: ஏங்க?

கணவன்: கோவம். காலையிலேர்ந்து நீ ஒரு வார்த்தை பேசல. என்ன கேட்டாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட. உங்கம்மா வீட்டுக்குன்னா வாய் ஓயாது, எங்கம்மா வீட்டுக்குப் போறதுன்னா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறாளேன்னு... குலுங்கட்டும், அப்பவாவது வாயைத் திறப்பான்னு விட்டேன். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷக் கோவம். அன்னைக்குச் சாயங்காலமே எல்லாம் முடிஞ்சு போச்சு. நான்தான்... என் காலுதான்...

மனைவி: அழாதீங்க. யாராவது பார்க்கப் போறாங்க.

கணவன்: பார்க்கட்டும். நீ என்னைத் திட்டு. நாலு அறை அறைஞ்சாக்கூட வாங்கிக்கிறேன். ரெண்டு வருஷமா நீ என்னை ஒரு சொல் சொல்லல பாரு, அதுதான் தாங்கல. வேற ஒருத்தியா இருந்தா...

மனைவி: போதும். என்னை அப்படி உசத்திப் பேசாதீங்க.

கணவன்: உண்மையத்தான் சொல்றேன். உன் பொறுமைக்கு...

விற்பனையாளர்: சார், சாவி கொண்டாந்துட்டேன். டயர்ல காத்துகூட கொஞ்சம் இறக்கி வெச்சிருக்கேன், இன்னும் மெத்துன்னு... சார்?

மனைவி: ஒரு அஞ்சு நிமிஷம் குடுப்பீங்களா?

விற்பனையாளர்: தாராளமா மேடம். நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்.

மனைவி: ...அன்னைக்கு நான் ஏன் பேசலன்னு நீங்க என்னைக் கேட்டதே இல்ல.

கணவன்: அதான் தெரியுமே. எங்கம்மா வீட்டுக்கு வர உனக்குப் புடிக்கல.

மனைவி: முந்தின நாள் நான் தனியாப் போய் ஸ்கேன் எடுத்துட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா?

கணவன்: இருக்கு. எனக்கு அன்னைக்கு லீவு கிடைக்கல. எல்லாம் நல்லா இருக்குன்னு வந்து சொன்னியே...

மனைவி: சொன்னேன்.

கணவன்: அதுக்கென்ன இப்போ?

மனைவி: டாக்டரம்மா ஸ்கேன் கருவியை ரெண்டு தடவை வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து அவரையும் பார்க்கச் சொன்னாங்க.

கணவன்: ...என்ன சொல்ற நீ?

மனைவி: துடிப்பு இல்லங்க. அப்பவே நின்னு போயிருந்துச்சு. நாளைக்குக் காலையில வீட்டுக்காரரோட வந்து அட்மிட் ஆகிடுங்கன்னாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க குழந்தைக்குன்னு வாங்கின சின்னக் கட்டிலுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டு, பாட்டு வேற பாடிக்கிட்டு இருந்தீங்க. எப்படிங்க சொல்லுவேன்? இன்னும் ஒரு நாள் போகட்டும், ஒரே ஒரு நாள்னு நெனச்சு மறுநாள் உங்ககூட வண்டியில ஏறிட்டேன். அப்புறம் உங்கம்மா ஊரு ஆஸ்பத்திரியில, அங்க யாருக்கும் அந்த ஸ்கேன் தெரியாது, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க எல்லாம் என்னாலதான்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதீங்க. உங்கம்மாவும் உங்களைத்தான் திட்டினாங்க. நீ என்ன பண்ண, என்னத்தத் தின்ன, எதைத் தூக்கினன்னு என்னை ஒருத்தரும் கேட்கல. எனக்கு... எனக்கு அது வசதியாப் போச்சுங்க.