பரிகாரத்துக்கு ஓர் உதாரணம்

— எட்டாவது கேள்வி எழுதிக்கோ ஃபெமினா. 'பரிகாரம் என்றால் என்ன? உதாரணம் தருக.'

— மறைக்கல்விக்கு வர்ற புள்ளைங்க, ஜோசியக்காரர் சொல்ற எலுமிச்சம்பழம்னு எழுதி வைக்கும், கேத்தரின். பாவத்த சொன்னதுக்கு, ஜெபமாலை சொல்லுன்னு சாமியார் குடுக்கறது அபராதம். பரிகாரம் வேற. கெடுத்தத சரி பண்ணிக் குடுக்கணும். அதுக்கு எங்க போறது உதாரணத்துக்கு?

— என்னையே எழுதுடி. மாதாவே, எப்படிச் சொல்வேன்... உன் கல்யாண ஓலைய கோயில்ல ரெண்டு ஞாயிறு வாசிச்சாங்க. மூணாவது ஞாயிறு வாசிக்கறதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டக் கடுதாசி போச்சுல்ல?

— எனக்கு வலிப்பு வரும்னு. கல்யாணம் நின்னுச்சு. அதுக்கென்ன இப்ப?

— நான்தான்டி எழுதினேன்.

— வெளையாடாத.

— அந்த மாப்பிள்ளை பெனடிக்ட எனக்குக் கேப்பாங்கன்னு வீட்ல சொல்லிட்டே இருந்தாங்க. புத்தி கெட்டுப் போச்சு. போன தவக்காலத்துல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன், மாதா சாட்சி! வேளாங்கண்ணிக்கு நடந்தோமே, அதுக்குத்தான்.

— தஞ்சாவூர்லேர்ந்து உன் பையையும் நான் சொமந்தேன். உன் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டேன். என்ன வேண்டுதல்னு ஒரு வார்த்தை கேக்கல.

— சாமியார் மன்னிச்சிட்டார்டி. எல்லாம் முடிஞ்சிருச்சு.

— யாருக்கு முடிஞ்சிருச்சு? அற்புதம் அண்ணிதான் எழுதினாங்கன்னு, பொன்மலையில ஒரே தெருவுல இருந்துக்கிட்டு பதினோரு வருஷம் அவங்ககிட்ட பேசாம இருந்தேன். மாப்பிள்ளை வீட்லேர்ந்து எங்கண்ணன் கொண்டாந்த கடுதாசிய, என் கண்ணுல காட்டாம புடுங்கி அடுப்புல போட்டாங்க. மாட்டிக்குவோம்னு எரிக்கிறாங்கன்னுதான நெனச்சேன்.

— தெரியும்டி.

— தெரியும்ல? இந்தத் தை மாசம் அவங்க சாகக் கெடந்தப்ப, என்னைப் பாக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டேன். 'உன் வாழ்க்கையக் கெடுத்தவ மூஞ்சில முழிக்காத'ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தியே, பாவி! நீ மன்னிப்பு வாங்கி அப்ப பத்து மாசம். எதுக்கு இழுத்துட்டு வந்த? சொல்லு!

— மாதாவே...

— மாதாவ விடு. எனக்குச் சொல்லு.

— உன்கிட்ட சொல்லிருவாங்கன்னு பயந்தேன். அண்ணிக்கு என் கையெழுத்து தெரியும்டி. அடுப்புல போட்ட அன்னைக்கே என்னைக் கூப்பிட்டு, 'கல்யாணமும் போச்சு, நீயும் இல்லேன்னா அவளுக்கு யாரு இருக்கா? நான் எழுதினதாவே இருக்கட்டும்'னு சொன்னாங்க.