வளைந்து போகும் ஊசி

ஆம்பூரில் நல்ல ஈரல் வேண்டுமென்றால் விடிந்ததுமே கடைக்குப் போய்விட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் பிரியாணிக் கடைக்காரர்கள் வாரிக்கொண்டு போன மிச்சம்தான் கிடைக்கும். நான் நயீம் அகமது கடையில் வாடிக்கையாக வாங்கினேன். ஆட்டு ஈரல், முழுசாக, கத்தி படாமல். “இன்னா பாஜி, உங்க வூட்ல தெனமும் ஈரல் வறுவல்தானா? ரத்தம் ஜாஸ்தியாய்டப் போவுது” என்று, என்னை அக்கா முறை வைத்து, அவர் கிண்டல் பண்ணுவார். வறுப்பதற்கு இல்லை பாய், குத்திப் பார்ப்பதற்கு என்று ஒருநாள் சொன்னேன். நான் ஏதோ ஜோக் அடித்ததாக நினைத்துச் சிரித்தார்.

என் பெயர் ரஃபத் ஜஹான். பிறந்தது பேரணாம்பட்டில். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு வந்தேன். உங்கள் ரைட்டர் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவதற்குள் எனக்குப் பேஜாராகிவிட்டது. அதனால்தான் பேப்பரை வாங்கி என் கைப்பட எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று உங்கள் கான்ஸ்டபிள்கள் வராந்தாவில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அழத் தோன்றவில்லை, அழவில்லை. மெக்கானிக் சின்னசாமி என் ஷெட்டில், என் மேஜையில், நான் செய்த ஊசியால் இறந்தார். அதை நான் மறுக்கவே இல்லையே. பிறகு எதற்காக என்னை நடிக்கச் சொல்கிறீர்கள்?

ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் என்னைப் புரிந்துகொள்ள முடியாது. உடம்பின் ஆழத்துக்குப் போக டாக்டர்கள் வழக்கமாக எடுக்கும் ஊசி நேராகத்தான் போகும். உடம்பு அப்படியா இருக்கிறது? விலா எலும்பு, ரத்தக் குழாய், பித்தப்பை என்று வழியெல்லாம் அடைப்பு. அவற்றுக்குப் பின்னால் ஒரு கட்டி ஒளிந்துகொண்டால் நேர் ஊசியால் ஒன்றும் செய்ய முடியாது. என் ஊசி அதைச் சுற்றிக்கொண்டு போகும். நிக்கல்-டைட்டானியத்தில் மெல்லிய குழாய். முனைக்குச் சற்று மேலே, ஒரே பக்கமாக, வரிசையாகச் சின்ன வெட்டுகள். முனை சரிவாகச் சீவியிருக்கும். தள்ளினால் ஒரு பக்கமாக வளையும். பிடியைத் திருகினால் வேறு பக்கம் திரும்பும்.

இதை எனக்கு எந்தப் புரொபசரும் சொல்லித்தரவில்லை. தோல் தைக்கும் ஊசியின் முனையைப் பார்த்திருக்கிறீர்களா? துணி ஊசியைப் போல உருண்டையாக இருக்காது, கத்தி மாதிரி சீவியிருக்கும். எப்படிச் சீவியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி தையல் சாய்ந்து விழும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ஊசியின் போக்கை முனைதான் முடிவு செய்கிறது என்று தெரியாமல் போகுமா?

சின்னசாமி அதே கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். நான் வேலையை விட்டு பைபாஸ் பக்கம் சொந்தமாக ஷெட் போட்டபோது, லீவு நாளில் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டார். ஊசியின் பிடி, திருகும் சக்கரம் எல்லாம் அவர் கடைந்து கொடுத்தவை. முதல் தடவை ஊசி ஈரலுக்குள் வளைந்து போனதைப் பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா, பாம்புக்குப் பொறந்த ஊசியா இது?” என்றார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டாக்டராக இருக்கும் ஹேமந்த்தான் எனக்குப் பழைய ஸ்கேன் மெஷினைக் கொடுத்தார். படத்தைப் பார்க்கவும் சொல்லித்தந்தார். ஊசி ஈரலில் சொன்ன இடத்துக்குப் போகத் தொடங்கியதும், அடுத்தது என்ன என்று கேட்டேன். “ஆட்டு ஈரல்ல போறது வேற, மூச்சு விடுற மனுஷன்கிட்ட போறது வேற, ரஃபத். மூச்சு விட்டா ஈரல் மேலயும் கீழயும் போகும். அதுக்கு நெறைய படி இருக்கு. கமிட்டி, பர்மிஷன், விலங்குல டெஸ்ட். வருஷக்கணக்காவும். அவசரப்படாதீங்க” என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னதில் எனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூச்சு விடுகிற மனுஷன்.

நீங்கள் விடாமல் என் அம்மியைப் பற்றி, என்னைப் பெற்றவரைப் பற்றி, கேட்கிறீர்கள். ஆமாம், அம்மி ஈரல் கட்டியில்தான் போனார். ஊசி அந்த இடத்துக்குப் போகாது என்று கையை விரித்துவிட்டார்கள். அதைக் கோர்ட்டில் சொன்னால் கொஞ்சம் இரக்கம் கிடைக்கும் என்று வக்கீலும் ஆசை காட்டுகிறார். வேண்டாம் மேடம். அம்மியை இதில் இழுக்காதீர்கள். அம்மி இன்று நன்றாக இருந்து எனக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தாலும் நான் இதைச் செய்திருப்பேன். ஊசி தயாராகிவிட்டது. காரணம் அவ்வளவுதான்.

ஒருநாள் சின்னசாமி வலது விலா ஓரமாக இழுக்கிறது என்றார். படுக்கச் சொல்லி ஸ்கேன் வைத்துப் பார்த்தேன். அவர் ஒல்லி. ஒல்லியான உடம்பில் ஈரல் அவ்வளவு சுத்தமாகத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. குழாய்கள் துடித்தன. ஈரல் மூச்சோடு ஏறி இறங்கியது. சந்தோஷத்தில் ஸ்கேனை எடுக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். “அண்ணா, ஈரல்ல ஒரு கட்டி இருக்கு. பெரிய குழாய்க்குப் பின்னால” என்றேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார், “நேர் ஊசி போவாதா?”

“போவாது.”

“அப்போ நம்ம ஊசி போவும்” என்றார்.

நான் அவரைக் கேட்கவில்லை மேடம், அவரேதான் சொன்னார். அவர் மனைவி ஜெயம்மாள் மறுநாள் ஷெட்டுக்கு வந்து நின்றாள். வேலூருக்கு அழைத்துக்கொண்டு போகிறேன் என்று ஒரே பிடிவாதம். அங்கே வயிற்றைக் கிழிப்பார்கள் அக்கா, இதில் மருந்து விட்டால் கட்டி கரைந்துவிடும் என்று நான் பக்குவமாகச் சொன்னேன். அவள் மசியவில்லை. கடைசியில் சின்னசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்ம பாப்பா செஞ்சது, நானே திருகிப் பார்த்தது. எனக்குக் குத்தாம ஊரான் வயித்துலயா குத்துவாங்க? சும்மா கெட” என்று அவள் வாயை அடைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் வரச் சொன்னேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் தொழுகைக்குப் போயிருப்பார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துச் செய்தேன் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். லேத் ஓடினால் மேஜை அதிரும், அதற்காகத்தான் அந்த நேரம். ஜெயம்மாளை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவருக்கு விலா ஓரம் மரத்துப்போக மருந்து போட்டேன். “மூச்சைப் புடிச்சுக்கோங்க அண்ணா. பேசாதீங்க, சிரிக்காதீங்க” என்று தெளிவாகச் சொன்னேன்.

ஊசி போயிற்று. எப்படிப் போயிற்று என்கிறீர்கள்! ஆச்சரியக்குறி போட்டதற்கு மன்னியுங்கள், இந்தப் பேப்பர் முழுக்க அது ஒன்றுதான். திரையில் பெரிய குழாய் துடித்துக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல், விளிம்போடு ஒதுங்கி, சுற்றி வந்து, நான் நினைத்த புள்ளியில் ஊசி நின்றது. “போய்டுச்சு அண்ணா” என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் அதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். வாய்விட்டு, வயிறு குலுங்க. ஈரல் ஒரு தூக்குத் தூக்கியது. விரலில் எனக்கு ஒரு சின்ன அதிர்வுதான் தெரிந்தது. வெளியே இழுத்தேன், ஊசி வந்தது, முனை வரவில்லை.

ஷூ கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. லைன் முழுக்க அப்படியே நிற்கும். தைத்தவர், பக்கத்தில் இருப்பவர், சூப்பர்வைசர், எல்லோரும் காந்தத்தை வைத்துக்கொண்டு முட்டி போட்டுத் தேடுவார்கள். ஒரு முனை ஷூவுக்குள் தங்கி எவன் காலிலாவது ஏறினால் மொத்த ஆர்டரும் திரும்பி வந்துவிடும். எல்லாத் துண்டையும் ஒட்டி முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி. அந்தப் புது ஊசியைக் கொடுக்கிற இடத்தில் இருந்தவள் நான். கறாரானவள் என்று பெயர் எடுத்தவள். ஒரு பெண் அழுது பார்த்தாள், ஒருத்தி மயக்கம் போட்டு விழுந்தாள். துண்டு கிடைக்காமல் நான் லைனை ஓட விட்டதே இல்லை.

சின்னசாமியும் அந்தக் கம்பெனி ஆள்தானே. அவர் முதலில் கேட்டது வலியைப் பற்றி இல்லை. “துண்டு கெடச்சுதா பாப்பா?” என்றார்.

“தேடுறேன். அசையாதீங்க அண்ணா” என்றேன்.

திரையில் ஈரலைச் சுற்றிக் கறுப்பாகப் பரவ ஆரம்பித்தது. அது ரத்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். பைபாஸில் ஆம்புலன்ஸ் உண்டு, கூப்பிட்டால் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் ஹேமந்த் உங்களிடம் சொன்னாராமே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர்கள் முனையை எடுத்திருப்பார்களா? எடுத்தாலும் குப்பையில்தானே போட்டிருப்பார்கள்? முனை உடைந்த இடத்தைப் பார்க்காமல் ஊசியில் எங்கே குறை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் தேடினேன். துளையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஜெயம்மாள் வெளியிலிருந்து, “ஆச்சாம்மா?” என்று குரல் கொடுத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அக்கா என்றேன். சின்னசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. ஜெயம்மாளைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்தால் கூச்சல் போடுவாள், என் கை ஆடும். அப்புறம் தண்ணீர் கேட்டார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. முனை கிடைத்ததும் இடுக்கியில் பிடித்து, “கெடச்சுடுச்சு அண்ணா” என்று அவர் கண்ணுக்கு நேரே காட்டினேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஊசியில் இருந்த வெட்டுகளின் மூலைகள் கூராக இருந்தன. அதுதான் குறை. தோலில் ஒரு கீறல் போட்டால், அது முடிகிற இடத்தில் வட்டமாக ஒரு துளை போட்டு நிறுத்துவோம். இல்லாவிட்டால் இழுக்க இழுக்கக் கிழிந்துகொண்டே போகும். ஷூ கம்பெனியில் நேற்று சேர்ந்தவர்களுக்கும் தெரிந்த விஷயம். அதை நான் என் ஊசியில் கோட்டைவிட்டுவிட்டேன். நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வாக்குமூலத்தில் தவறு என்று நான் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான். உங்கள் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசியும் முதல் நாளில் யாரோ ஒருவருக்குப் போட்டுப் பார்த்ததுதான். அந்த ஒருவர் யார் என்று நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா? என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? மூலையை வட்டமாக்கினால் என் ஊசி உடையாது. அந்தப் படத்தை வரையத் தனியாக இன்னொரு பேப்பர் கேட்டேன், அதைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

இன்று காலை ஜெயம்மாள் ஸ்டேஷனுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்கப் போகிற வழி. மண்ணை வாரித் தூற்றுவாள், முகத்தில் துப்புவாள் என்று நினைத்தேன். நீங்களும் அதற்குத்தான் பக்கத்திலேயே நின்றீர்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். என்ன பேசினாள் என்று உங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லும்மா. அந்த எழவு புடிச்ச கட்டி இருக்குன்னு நீ சொன்னதுலேர்ந்து அவுரு ஒரு வாய் சோறு நிம்மதியா துன்னல. போறப்பவாச்சும் அது இல்லாம போனாரா?”

“இல்லாமதான் போனார் அக்கா” என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டாள்.

பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் நாளைக்கு வரும் என்று மிரட்டுகிறீர்கள். அதற்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்? நானே சொல்கிறேன். சின்னசாமியின் ஈரலில் கட்டி எதுவும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. விலாவில் இழுத்தது வெறும் வாயு. கட்டி என்று சொன்னால்தான் படுப்பார் என்பதால் அப்படிச் சொன்னேன், படுத்தார். ஆனால் ஜெயம்மாள் இன்று கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் ஒரு எழுத்து பொய் கிடையாது. வந்தபோது இருந்த பாரம் அவள் முகத்தில் போகும்போது இல்லை, நீங்களே பார்த்தீர்கள். அந்த ஆறுதலை அவளுக்குக் கொடுத்தது நான். வழக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம்.