ஆறாவது ஆள் என் தங்கை

ரோல்ஸுக்கு அவித்த உருளைக்கிழங்கைச் சூட்டோடு வைத்து உருட்டக் கூடாது. ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய்க்குள் போனதும் வெடிக்கும். பதினான்கு வருடமாக ஸ்காபரோவில் கலியாண வீடுகளுக்கு ரோல்ஸும், முட்டை வைத்துச் சுற்றும் மிதிவெடி ரோல்ஸும் போட்டுக் கொடுத்தவன் சொல்கிறேன், என் கையில் ஒன்றும் வெடித்ததில்லை.

தாளும் பேனையும் தந்ததற்கு நன்றி, பொலிஸ் ஐயா. மொழிபெயர்க்க வந்திருக்கும் தங்கச்சி நிரூபாவுக்கு நான் வாயால் சொல்வதைவிட எழுதித் தருவது சுகம். என் பெயர் சச்சிதானந்தன். அன்ரனெற் எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். அதற்கு முதலில் சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

சின்ன முதலாளிமாருக்கு என்று ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். எது நகரத்தின் விதி, எது மாகாணத்தின் சட்டம், யாருக்கு எதிலிருந்து விலக்கு என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் பொறுமையாகச் சொன்னாள். வேலையாட்கள் ஐந்து பேருக்கு மேல் போனால், பாதுகாப்பைக் கவனிக்கத் தங்களுக்குள் ஒருவரை அவர்களே தெரிவுசெய்ய வேண்டுமாம். ஐந்து பேர் என்றால் தேவையில்லை. என்னிடம் சரியாக ஐந்து பேர் இருந்தார்கள். அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஆறாவது ஆள் வந்தால் யாரைத் தெரிவுசெய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஐந்து பேரில் மூத்தவர், இராஜரட்ணம் அண்ணை. ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் தொழிற்சங்கம் நடத்தியவர். எங்கள் கடையில் மா மூட்டை அடுக்கும் மேல்தட்டுக்குக் கைபிடிக் கம்பி இல்லை. "தம்பி, உதில இருந்து ஒரு நாளைக்கு ஆரோ விழப்போகினம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். வாயால் சொன்னதால் சிரித்துச் சமாளித்தேன். தெரிவான ஆள் என்றால் எழுத்தில் தருவார். எழுத்தில் வந்தால் பதில் எழுத வேண்டும். நல்ல மனிதர்தான், ஆனால் கையில் கொஞ்சம் அதிகாரம் கிடைத்தால் தலையில் ஏறி இருந்துவிடுவார்.

அப்போதுதான் அன்ரனெற் வேலை கேட்டு வந்தாள். மன்னார்ப் பிள்ளை. புருஷன் இல்லை, ஒரே மகன், பெயர் கிளிபோட், ஊரில் இருந்தான். அவள் ரோல்ஸ் சுற்றும் வேகத்தைப் பார்த்தபின் போ என்று சொல்ல மனம் வரவில்லை. குடும்ப ஆட்களை எண்ணிக்கையில் சேர்க்கத் தேவையில்லை என்று நான் சட்டத்தை விளங்கிக்கொண்டேன். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை என்று நேற்றுச் சொன்னீர்கள். இருக்கலாம்.

"இண்டையில இருந்து நீ என்ர தங்கச்சி. ஆரும் கேட்டா சித்தின்ர மகள் எண்டு சொல்லு" என்றேன். அவள் அழுதுவிட்டாள். இந்த நாட்டில் தன்னை ஒருவர் தங்கச்சி என்று சொன்னது அதுதான் முதல் தடவையாம். எனக்கும் கண் கலங்கியது. அதைப் பொய் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை காலை மற்ற ஐந்து பேரும் மண்டபத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கடையில் நானும் அவளும்தான். மா எடுக்க மேல்தட்டில் ஏறியவள் பின்பக்கமாக விழுந்தாள். தலை சீமெந்துத் தரையில் பட்டது. மூச்சு இருந்தது. பேச்சும் இருந்தது.

கடைக்கு அம்புலன்ஸ் வந்தால் பின்னால் இன்ஸ்பெக்டரும் வருவார். தங்கச்சி வீட்டில் விழுந்தால் அது குடும்ப விஷயம். என் வான் வண்டியின் முன் சீற்றைச் சாய்த்து அவளை இருத்தி, ரூஜிலுள்ள என் வீட்டுக்குப் புறப்பட்டேன். வழியில் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டும் நீலப் பலகை இரண்டு இடத்தில் வரும். முதலாவதைக் கண்டதும், "அண்ணை, ஆஸ்பத்திரிப் பலகை போகுது" என்றாள். "ஓம் பிள்ளை, உடுப்பு மாத்திப்போட்டுப் போவம்" என்றேன். இரண்டாவது பலகையில் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் அவளின் ஏப்ரனைக் கழற்றினேன். அன்ரனெற்றின் தலைமயிரெல்லாம் மா. வீட்டுப் படியால் விழுந்தவளின் தலையில் மா இருக்காது. குளிர் பிடிக்கக் கூடாதென்று சுடுதண்ணீரில்தான் கழுவினேன். மனைவியின் வீட்டுச் சட்டையை மாட்டி, பேஸ்மென்ற் படியடியில் கிடத்திவிட்டு 911 அடித்தேன். விழுந்து ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது என்கிறீர்கள். நான் ஒரு மணித்தியாலம் என்றுதான் நினைத்தேன். அன்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

எல்லா இடத்திலும் சகோதரன் என்று கையெழுத்து வைத்தேன். அவள் வேதக்காரி, கிறிஸ்தவப் பிள்ளை, புதைத்திருக்க வேண்டும். புதைத்தால் உடல் இருக்கும். ஐயரைக் கூப்பிட்டு எங்கள் முறைப்படி ஒரு குறையில்லாமல் தகனம் செய்தேன். மகனுக்குச் சொல்லவில்லை, சொன்னால் எப்படி என்று கேட்பான். செத்தவீட்டில் இராஜரட்ணம் அண்ணை என் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, மேல்தட்டுக்கு ஏன் இப்ப கம்பி போட்டனீர்?" என்றார். நான் ஐயருக்குத் தட்சணை கொடுக்கப் போனேன்.

மரண அறிவித்தலில்தான் பிழை விட்டேன். தங்கச்சி என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அறிவித்தல் போடாமல் விட்டால் எங்கள் ஆட்கள் கதைப்பார்கள். எல்லாம் முடிந்தபின் இணையத்தில் படத்துடன் போட்டேன். மன்னாரைப் பிறப்பிடமாகவும் ரூஜை வதிவிடமாகவும் கொண்டவர், சச்சிதானந்தனின் பாசமிகு சகோதரி, அண்ணனின் இல்லத்தில் தவறி விழுந்து காலமானார். தொடர்புகளுக்கு என்ற இடத்தில், வழக்கம்போல, என் தொலைபேசி இலக்கம்.

மறுநாள் மன்னாரிலிருந்து ஒரு அழைப்பு. ஆண் குரல். சத்தம் போடவில்லை.

"நீங்கள் என்ர மாமாவோ?"

அம்மாவின் அண்ணன் மாமாதானே. "ஓம்" என்றேன்.

"மாமா, அம்மா என்னோட போன்ல கதைச்சுக்கொண்டுதான் மா எடுக்க ஏறினவ. விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு போன் கட்டாகிட்டுது. ஒரு கிழமையா எடுத்துப் பாத்தன். கடையில விழுந்தவ உங்கட வீட்டை எப்பிடி வந்தவ?"

போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு அவன் உங்களுக்கு அறிவித்தான்.

ஆகவே, ஓம். உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அந்த முதல் நீலப் பலகையைக் கடக்கும்போது அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அவளைச் சாகவிட்டது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன்.

ஒரு திருத்தம் மட்டும். உங்கள் படிவத்தின் முதல் பக்கத்தில் அன்ரனெற்றை வேலையாள் என்று போட்டிருக்கிறது. தங்கச்சி நிரூபா அதை வெட்டிவிட்டுத் தங்கை என்று எழுத வேண்டும். என் கடையில் அன்றும் ஐந்து பேர்தான் வேலை செய்தார்கள்.