கடைசி அத்தியாயத்தில் கொசு

“ஹலோ... சொல்லு மச்சான்... பரவால்ல, ஈரக்கைதான்... ம், படிச்சிட்டேன். பதினேழாம் அத்தியாயம் வரைக்கும்.”

திறந்துபோட்ட வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். கடை வைப்பதற்கு முன்பு அவர் ராணுவத்தில் கமாண்டோ. அவர் சொன்ன கதைகளை வைத்துத்தான் மனைவியின் தம்பி நாவல் எழுதிக்கொண்டிருந்தான்.

“நல்லாத்தான் இருக்கு... ஆமா, ஆமா... ஆனா உன் ஹீரோ மூணாவது மாடியிலேர்ந்து குதிச்சு எழுந்து ஓடுறானே... இல்லப்பா, நான் குதிச்சது முதல் மாடி. அதுக்கே முட்டி இன்னும் மாடிப்படியைக் கண்டா முனகுது... அப்புறம், ரெண்டு நாள் புதருக்குள்ள படுத்துக் கிடக்கான், ஒண்ணுக்கே போகலையே... சிரிக்காத. எங்களுக்குப் பாதிக் கவலை அதுதான்... சரி சரி, எழுதாத.”

மெஷினின் பம்புக்குள் விரலை விட்டு, சிக்கியிருந்த குழந்தை சாக்ஸ் ஒன்றை மெல்ல உருவினார்.

“யாரு, பதிப்பாளரா?... கடைசி அத்தியாயத்துல அவன் சாகணுமா?... ம்... வாசகர் அழணும், சரி... இன்னிக்குச் சாயங்காலமே அனுப்பணுமா?”

சாக்ஸைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனைச் சரியாகப் பிடித்தார்.

“மச்சான், ஒண்ணு கேளு. குண்டு பாயறப்பவும் தொணதொணன்னு கேலி பேசுறானே உன் ஆளு, அது நான் இல்ல. நான் எப்போ அவ்வளவு பேசினேன்? அது எங்க படையில இருந்த கொசு... பட்டப்பேருதான்... ஆமா, திரும்பி வராதவன்தான். அவன் பேச்சைத்தான் உனக்குச் சொல்லிக்கிட்டிருந்திருக்கேன், எனக்கே இப்பதான் புரியுது... ஒரு தடவை செத்தாச்சு மச்சான். புஸ்தகத்துலயாவது வீட்டுக்கு வரட்டும்.”

கீழே வைத்த சாக்ஸை எடுத்துப் பிழிந்து மெஷின் மேல் விரித்துப் போட்டார்.

“ம்... நிஜமாவா?... எப்படி வரணும்னா? பஸ்லதான். ஹெலிகாப்டரெல்லாம் வேணாம். பகல் பதினோரு மணி. வீடு பூட்டியிருக்கு, பொண்டாட்டி வேலைக்குப் போயிருக்கா. படியில உக்காந்து காத்துக்கிட்டிருக்கான்... உடைக்கத் தெரியாதாவா? அத்தனை பூட்டையும் உடைச்சவன்தானே. ஆனா இது அவன் வீட்டுப் பூட்டு... அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வரி வேணாம்... என்ன டக்டக்குன்னு சத்தம்? அதுக்குள்ள எழுத உக்காந்துட்டியா?... ஹலோ?... மச்சான்?”

மச்சான் போனை வைத்துவிட்டிருந்தான்.