பின்னால் இடம் இருக்கிறதா

சின்ன கேமரா வாங்க நினைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, உங்களுக்குப் பின்னால் நகர இடம் இருக்கிறதா என்பதுதான். விலை, நிறம் எல்லாம் அப்புறம். பெரும்பாலானவர்களுக்குக் கேள்வியே புரியாது. உங்களுக்கும் புரியவில்லை என்று தெரிகிறது, மேடம். பொறுமையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிற ஏட்டய்யாவும் அவசரப்பட வேண்டாம்.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டும் கைக்குள் அடங்குகிற அளவுதான். ஆனால் உள்ளே வெளிச்சத்தை வாங்குகிற சென்சார் பெரியது. அதனால்தான் சின்னதாக இருந்தும் படம் பெரிய கேமராவுக்கு ஈடாக வருகிறது. வெள்ளி நிறத்தில் இருப்பதற்கு ஜூம் உண்டு. நின்ற இடத்தில் நின்றபடியே தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கலாம். கறுப்பில் சென்சார் இன்னும் கொஞ்சம் பெரியது, ஆனால் ஜூம் கிடையாது. ஆள் முழுசாக வர வேண்டும் என்றால் எடுக்கிறவன்தான் பின்னால் போக வேண்டும். வெள்ளி வைத்திருப்பவன் நிற்கலாம், கறுப்பு வைத்திருப்பவன் நடக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கந்தவேல் சொல்லியிருந்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும், ஊரே பார்த்திருக்கும்.

நானும் கந்தவேலும் ராசிபுரத்தில் ஒரு மாடி அறையை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் கேமராக்களை ஒப்பிட்டு வீடியோ போட்டோம். அவன் வெண்ணந்தூர்க்காரன், நான் சேலம் டவுன். ஒரு கேமராவைப் பத்து நாள் வைத்திருந்து, எது நன்றாக எடுக்கிறது, எது சொதப்புகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. அதைச் சிரித்த முகத்தோடு பேசுவது அவன் வேலை. நான் ஒரு முறையாவது தெளிவாகத் தீர்ப்பு எழுதாமல் இருந்ததில்லை. இது நல்லது, அது வேண்டாம், முடிந்தது. அவன் ஒரு முறையாவது அதை அப்படியே சொன்னதில்லை. கடைசியில் கையைக் கூப்பிக்கொண்டு, "ரெண்டுமே நல்லதுதானுங்க. உங்க தேவைக்கு எது ஒத்து வருதோ அதை எடுத்துக்கோங்க" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரெண்டுமே நல்லது என்றால் எதற்கு ஐயா பத்து நாள்?

மூன்று தடவை விலகுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை அழுதான். இரண்டாவது தடவை அவன் அம்மா முத்தாயம்மாள் கையால் சோறு போட வைத்தான். அந்த அம்மா நான் சாப்பிட்டு முடிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்து, "ஏஞ்சாமி, ரெண்டு பேரும் ஒரே வவுத்துல பொறந்த மாதிரி இருக்கறீங்க, பிரியலாமா?" என்றார்கள். மூன்றாவது தடவை அவன் சிரித்தான். "எங்க மாப்ள போவ? நீ பேசுனா யாரு கேப்பா?" என்றான். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். நானே தனியாக ஒரு வீடியோ போட்டுப் பார்த்தவன். இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் கீழே எழுதியிருந்தார்கள், கந்தவேல் அண்ணன் எங்க என்று.

அவன் கெட்டவன் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுக் கதவை அறைந்துவிட்டுப் போயிருப்பேன். நல்லவனிடம் மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர், "நீங்க கந்தவேலு கூட இருக்கறவருதானுங்க?" என்பார். ஆமாங்க என்பேன். வேறு என்ன சொல்ல?

இந்த இரண்டு கேமராக்களும் ஒரு கடைக்காரர் ஒப்பிட்டுப் பார்க்க இரவல் கொடுத்தவை. வெள்ளிதான் மேல் என்று எழுதினேன். கறுப்பு மங்கிய வெளிச்சத்தில் தடுமாறுகிறது, இருட்டில் அதை நம்ப வேண்டாம் என்று எழுதினேன். கந்தவேல் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவன் வீட்டு அடுப்படியில் ஜன்னல் கிடையாது. அங்கே அவன் அம்மா தோசை ஊற்றுவதைக் கறுப்பில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். "இதுல என்ன மாப்ள தடுமாறுது? அம்மா நெத்தியில இருக்கற சுருக்கம் மொதக்கொண்டு உழுந்திருக்குது. நீ எழுதுனது தப்பு. மாத்திரு" என்றான்.

ஒரு படம் குருட்டாம்போக்கில் நன்றாக அமையும், அதை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்றேன். அவன் கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் என் தீர்ப்பை மழுப்பியிருக்கிறானே தவிர, தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு இருந்தது அது ஒன்றுதான், மேடம். முகம் அவனுடையது, குரல் அவனுடையது, பெயர் அவனுடையது. சரியாகப் பார்க்கிற கண் மட்டும் என்னுடையது. அதற்கும் கை நீட்டினான். எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் போதாது.

சரி, அடுப்படியில் எடுத்தது மட்டும் போதாது, நீ சொல்வது நியாயமா என்று வெயிலிலும் போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெண்ணந்தூரைத் தாண்டி அவர்களுக்கு ஒரு மேட்டாங்காடு இருக்கிறது. மானாவாரி நிலம். கடலை பிடுங்கி முடித்துச் சும்மா கிடந்தது, ஆள் நடமாட்டம் இல்லை. நடுவில் ஒரு பனைமரம், அதற்கு எதிரில் தண்ணீர் வற்றிப்போன பழைய கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது, விளிம்பில் முள்ளு மண்டிக் கிடக்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழக்கம்போல இரண்டு பேர் செல்போனையும் அணைத்து என் பையில் போட்டுக்கொண்டேன். ரெக்கார்டிங்கில் மணி அடித்துவிடும் என்பதற்காக நாங்கள் வைத்திருந்த பழக்கம் அது.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவன் பின்னால் நடக்கும்போது அவனுக்குப் பதிலாக நான் பார்ப்பேன். கல் இருந்தால் கல் என்பேன், படி இருந்தால் படி என்பேன். ஒன்பது வருடத்தில் கந்தவேல் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் பனைமரத்தடியில் நின்றேன். கையில் வெள்ளி. கறுப்பை அவனிடம் கொடுத்தேன். நான் தலை முதல் கால் வரை வர வேண்டும், பனை உச்சியும் வர வேண்டும் என்றேன். அவன் கேமராவின் திரையைப் பார்த்தபடியே பின்னால் போனான்.

"போதுமா மாப்ள?"

"உச்சி வரலியே. இன்னும் போ."

"இப்ப?"

"இன்னும் ரெண்டு."

நான் நின்ற இடத்தில் நின்றேன். ஜூமில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. அப்புறம் அது இல்லை.

போன வாரம் உங்களிடம், வெண்ணந்தூர் பஸ் ஸ்டாண்டில் அவனை இறக்கி விட்டேன், அதற்குமேல் தெரியாது என்று சொன்னேன். அது பொய். இப்போது சொல்வதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

விழுந்ததும் செத்துவிடவில்லை. அடியில் சரிந்த மண்ணும் புதரும் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டான். "காலு போச்சு மாப்ள, அசைக்க முடியல" என்றான். அப்புறம், "கேமராவுக்கு ஒண்ணும் ஆகல, கட்டிப் புடிச்சுக்கிட்டேன். கடைக்காரருகிட்ட திருப்பிக் குடுக்கோணுமில்ல" என்றான். இரு, ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு வெண்ணந்தூர் வந்தேன். டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள், கயிறு கேட்டால் ஓடி வரக்கூடியவர்கள். கடைக்காரர், "அண்ணன் வரலீங்களா?" என்றார். வருவார் என்றேன். டீ குடித்தேன். அந்த நாலு பேரிடம் எப்போது சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

ராசிபுரம் அறைக்குப் போய் உட்கார்ந்து வீடியோவுக்கு முடிவுரை எழுதினேன். வெள்ளிதான் நல்லது, கறுப்பு வேண்டாம் என்று எழுதினேன். மாற்றச் சொல்ல யாரும் இல்லை. அவ்வளவு நிம்மதியாக நான் எழுதியதே இல்லை.

சாயங்காலம் அவன் அம்மா கூப்பிட்டார்கள். "ஏஞ்சாமி, கந்தவேலு போனு அணைஞ்சு கெடக்குது. உங்கூட இருக்கானா? இன்னும் ஊட்டுக்கு வரலியே."

கோயமுத்தூருக்குக் கேமரா வாங்கப் போயிருக்கிறான், இரண்டு நாளில் வந்துவிடுவான் என்றேன்.

"நீ சொன்னாச் சரி, சாமி" என்று வைத்துவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசைக்குப் போனேன். முடிந்ததும் ஒரு தண்ணீர் பாட்டிலும் நாலு பன்னும் வாங்கிக்கொண்டு மேட்டாங்காட்டுக்குப் போனேன். அவனுக்காகத்தான் வாங்கினேன். கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே இருட்டாக இருந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு நான் தெரிந்திருப்பேன் போலிருக்கிறது. "தோமு" என்றான். மாப்ள என்று கூப்பிடவில்லை, என் பெயரைச் சொன்னான். தண்ணி என்றான்.

பாட்டிலை விட்டால் போதும், விழுந்துவிடும். ஆனால் விட்டால் குடிப்பான். குடித்தால் இருப்பான். யாராவது தூக்கிவிடுவார்கள். கால் கட்டோடு வந்து உட்கார்ந்து, தோமு மேல தப்பில்லீங்க, நான்தான் பாக்காம உழுந்துட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லுவான். அப்புறம் சாகிற வரைக்கும் நான் அந்த மாடி அறையை விட்டுப் போக முடியாது. இதையெல்லாம் நின்று நிதானமாக யோசித்தேன். அவன் இரண்டு நாள் உள்ளே இருந்தான். நான் ஒன்பது வருடம் இருந்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே என் வேலை. பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மறுபடியும் போனேன். சத்தம் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆடு மேய்க்கிற காத்தான் பார்த்துவிட்டு ஊரைக் கூப்பிட்டார்.

தெரியாமல் நடந்தது என்று எழுதலாமா என்று ஏட்டய்யா முன்பே கேட்டார், நல்ல மனுஷர். வேண்டாம். தெரியாமல் கறுப்பைக் கொடுக்கவில்லை. அவன் என்னைத் தப்பு என்று சொன்ன மறுநாளே தனியாகப் போய் எட்டு வைத்துப் பார்த்தேன். பனை உச்சி திரைக்குள் வர மரத்திலிருந்து இருபத்தொரு எட்டு போக வேண்டும். கிணறு பத்தொன்பதாவது எட்டில் இருந்தது. இன்னும் ரெண்டு என்று நான் சொன்னபோது அவன் பதினேழில் நின்றிருந்தான்.

சற்று முன் இந்தக் கறுப்புக் கேமராவுக்குள் இருந்ததைப் போட்டுக் காட்டினீர்கள். சனிக்கிழமை மத்தியானம் கிணற்றுக்குள்ளிருந்து அவன் எடுத்த வீடியோ. "அம்மா, பயப்படாதீங்க, தோமு ஆளக் கூட்டியாரப் போயிருக்கான், வந்துருவான்" என்கிறான். அப்புறம் முனகிக்கொண்டே சிரிக்கிறான். "இங்க எவ்ளோ இருட்டுன்னு உனக்குத் தெரியாது மாப்ள. ஆனாப் பாரு, மொகம் தெளிவா உழுகுது. நாஞ்சொன்னனில்ல?"

அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமைப் படம். நீங்கள் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருப்பது. கீழிருந்து மேலே பார்த்து, பின்னால் முழு வெயில். இப்படி எடுத்தால் எந்தக் கேமராவிலும் முகம் கரிக்கட்டையாகத்தான் வரும். இதில் என் புருவம் தெரிகிறது. சட்டைப் பொத்தான் தெரிகிறது. கையில் பாட்டில், அதன் மூடி உடைக்காமல் இருப்பதுகூடத் தெரிகிறது. ஓரத்துப் புல்லில்கூடக் குழப்பம் இல்லை. பத்து நாள் வைத்திருந்தும் நான் அந்தக் கேமராவில் இப்படி ஒன்று எடுக்கவில்லை.

முத்தாயம்மாள் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவன் சொன்னதுதான் சரி. கறுப்பு இருட்டில் நன்றாகவே எடுக்கிறது, நான் எழுதியது தப்பு. இந்த விஷயத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.